சிலந்திக்குக் கிடைத்த கம்பளித் துண்டு

அந்தக் காலத்தில் ஆடும் சிலந்தியும் மனுசரோடு மனுசராய்ப் பேசும். பேசாதது பின்னல் மெஷின் ஒன்றுதான். அது கடகடவென்று போடுகிற சத்தத்துக்கே மலையூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அது பேச வேறு செய்யணுமா!

மெஷின் ஓட்டியவள் பவுனுத்தாய். கைவேகம் அப்படியொரு வேகம். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. ஒருநாள் காலையில் ஓர் ஆடு அவளிடம் வந்தது.

"அக்கா, என் ரோமம் மொத்தத்தையும் எடுத்துக்கோ. என் குட்டிக்கு ஒரு சட்டை பின்னிக் குடு. போன வருசத்துக் குட்டி பனி தாங்காமப் போயிருச்சு."

பவுனுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே கத்தரித்து, நூற்று, மெஷினில் கோத்தாள். இறுக்கமாகப் பின்னினால்தான் காற்று புகாது என்று மெஷினில் நூலை இறுக்குகிற திருகாணியை முடிந்தமட்டும் முறுக்கினாள். துணி இறங்குவதற்காக அடியில் கற்களைத் தொங்கவிட்டு, தொங்குகிறபடியே குட்டியின் கழுத்து முதல் வால் வரைக்கும் அளந்தாள். கச்சிதம்!

கல்லைக் கழற்றினாள். ஐயோ, துணி சுருண்டு மேலே போய்விட்டது. குட்டியின் தலைக்குள்ளேயே நுழையவில்லை. ஆடு குட்டியைத் தன்னோடு அணைத்துக்கொண்டது. ரோமமில்லாத உடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்கு நாலு திட்டு திட்டியிருந்தால் பவுனுத்தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மெஷின் மூலையில் வயிறு நிறைய முட்டையோடிருந்த சிலந்திக்குப் பொறுக்கவில்லை. "கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தா நான்கூட நெட்டைதான். இதெல்லாம் ஒரு அளவா, ஆத்தா?"

"இருக்கிற நூலே அவ்வளவுதானே தாயி, நான் என்ன செய்வேன்?"

"பிரி. அலசிக் காயப்போடு. முதல்ல உள்ளங்கையளவு மட்டும் பின்னு. அதையும் அலசி, ஒரு பகல் சும்மா கெடக்க விடு. அப்புறம் பின்னல்ல பத்துக் கண்ணி, அதான் பத்து வளையம், எத்தனை விரல் அகலம் வருதுன்னு பாரு. முதல் இழையில தொங்கிப் பாக்காம நான் ரெண்டாவதைக் கட்டுவேனா?"

முழுச் சட்டையையும் பவுனுத்தாய் பிரித்தாள். உள்ளங்கையளவு துண்டு பின்னி, அலசி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பகல் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்துக் கண்ணி இரண்டு விரல்கூட வரவில்லை. திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, துண்டை மறுபடி பின்னி, அலசி, ஆறவிட்டு அளந்தாள். குட்டியின் உடம்புக்கு எத்தனை கண்ணி வேண்டும் என்று எண்ணிச் சட்டையைப் பின்னினாள். தளர்வாக ஓடியதில் நூலும் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அந்த உள்ளங்கைத் துண்டைப் பிரித்து நூலெடுக்கத் தேவையே இருக்கவில்லை.

சட்டை வால்வரை வந்தது. குட்டி துள்ளியது. அந்த மாதம் கொட்டிய பனியில் புல்லெல்லாம் கருகிப்போயிற்று, குட்டி மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது. தாயாடு வந்து பவுனுத்தாயின் கையை நக்கிவிட்டுப் போனது.

அவள் நேரே சிலந்தியிடம் போனாள். "நீ சொல்லலைன்னா அந்தப் பிள்ளை இல்ல தாயி. எங்கிட்ட வேற என்ன இருக்கு? இந்தா, உன் பிள்ளைகளுக்கும் குளிருமே" என்று அந்தத் துண்டை நீட்டினாள். வாயாடிச் சிலந்தி துண்டை மூலைக்கு இழுத்துப்போய் முட்டையிட்டது. முட்டைகளை அதில் பொதிந்து அணைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் சிலந்தி தன் முட்டைகளை மெத்தென்ற பையில் சுற்றி வைக்கிறது. மெஷினில் பின்னுகிறவர்களும் முதலில் ஒரு துண்டு பின்னி, அலசி, ஆறவிட்டு அளக்கிறார்கள். அந்தத் துண்டை மட்டும் யாரும் பிரிப்பதில்லை; அது சிலந்தியின் பிள்ளைகளுக்கு.