பிரசவ அறையின் சுவர்

கட்டடக் கலைஞர் ஆக்னஸிடம் பாடம் கேட்க வந்த தெய்வநாயகம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பது வருடம் நகரத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் கட்டியவர். மின்சாரம் போனால் அவற்றுக்குள் ஒருவராலும் உட்கார முடியாது. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் தன் அலுவலகத்தை மூடிவிட்டு வந்துவிட்டார்.

"என்கிட்ட என்ன இருக்குன்னு வந்தீங்க சார்?" என்று கேட்டார் ஆக்னஸ்.

"ஏசி இல்லாம குளுகுளுன்னு ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கீங்களே மேடம். அது போதும்."

அது ராமநாதபுரம் பக்கம் ஒரு சிற்றூரின் சுகாதார நிலையம். கட்டிப் பத்து வருடம் ஆகியிருந்தது. பிரசவ அறையின் தெற்குச் சுவரில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தார் ஆக்னஸ். அந்தத் துளைகள் வழியாகக் கடற்காற்று வரும். பத்திரிகைகளில் எல்லாம் அந்தச் சுவரின் படம் வந்திருந்தது.

அந்த வருடம் ஒரு பெரிய விருதின் கடைசிச் சுற்றுக்கு அந்தக் கட்டடம் தேர்வானது. விருது கிடைத்தால் அதே வரைபடத்தில், ஒரு கோடும் மாறாமல், நூறு ஊர்களில் சுகாதார நிலையம் கட்டுவதாகப் பேச்சு.

நடுவர்கள் வரும் நாள் காலையில் இருவரும் அங்கே போனார்கள். கட்டி முடித்த பிறகு ஆக்னஸ் அங்கே போவது அதுவே முதல் முறை.

பிரசவ அறை புழுங்கியது. சுவரைக் காணவில்லை. பழைய சேலைகளை ஒன்றோடொன்று தைத்து, சுவர் முழுக்க மறைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

தெய்வநாயகத்தின் முகம் மாறிவிட்டது. "யார் இதை மாட்டினது?"

"நாங்கதான்," என்றார் நர்ஸ் பாத்திமுத்து.

"காத்து வரத்தானே இந்தச் சுவரே?"

"காத்து நல்லாத்தான் வந்துச்சு சார். பகல்ல வெளியிலேருந்து ஒண்ணும் தெரியாது. பொழுது சாஞ்சு உள்ள லைட்டைப் போட்டா, எதிர்த்த பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். வலியில கிடக்கிற பொண்ணு, வலியை விட்டுட்டு அந்தச் சுவரையே பாத்துக்கிட்டுக் கிடக்கும். பிள்ளை பெத்துட்டுப் போனவங்க ஆளுக்கொரு சேலை கொண்டாந்து குடுத்தாங்க."

"கட்டும்போதே அந்த பஸ் ஸ்டாப் இருந்துச்சா சிஸ்டர்?" என்று கேட்டார் ஆக்னஸ்.

"எனக்குத் தெரிஞ்சு எப்பவும் இருக்கு மேடம்."

ஆக்னஸ் சேலையை விலக்கித் துளை வழியாக வெளியே பார்த்தார். பிறகு, "நான் பகல்ல மட்டும்தான் வந்து பார்த்தேன்," என்றார்.

தெய்வநாயகம் அவரைத் தனியே அழைத்தார். "கட்டில் காலியாத்தான் இருக்கு மேடம். யாருக்கும் சங்கடமில்லை. அரை மணி நேரம் கழட்டி வெச்சிட்டு, அவங்க போனதும் நானே மாட்டிடறேன்."

ஆக்னஸ் திரைக்கு அருகே போனார். சேலைத் திரையின் ஒரு மூலை கிழிந்திருந்தது. பாத்திமுத்துவிடம் ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

நடுவர்கள் உள்ளே வந்தபோது அவர் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன திரை இது?" என்று கேட்டார்கள்.

"சிஸ்டர், எங்ககிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க," என்றார் ஆக்னஸ்.

பாத்திமுத்து சொன்னார். நடுவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விருது வேறொரு கட்டடத்துக்குப் போயிருந்தது. தெய்வநாயகம் அதை எடுத்துக்கொண்டு நேரே அந்தச் சுகாதார நிலையத்துக்கு வந்தார். பிரசவ அறையில் ஒரு கொத்தனார் தெற்குச் சுவரின் துளைகளை ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேலே, கூரையை ஒட்டிப் புதிய துளைகள் திறந்திருந்தன. எதுவரை அடைக்க வேண்டும் என்று பாத்திமுத்து கட்டிலில் படுத்துப் பார்த்துச் சொல்ல, ஆக்னஸ் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆக்னஸ் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

தெய்வநாயகத்தால் அடக்க முடியவில்லை. "நூறு ஊர் மேடம். இனிமே அங்கெல்லாம் காங்கிரீட் பெட்டிதான் கட்டுவாங்க. அரை மணி நேரம் அந்தத் திரையைக் கழட்டியிருந்தா எல்லாம் நம்ம கைக்கு வந்திருக்கும். இதை நான் எப்படி எடுத்துக்கிறது?"

ஆக்னஸ் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்திருந்தா, நூறு ஊர்லயும் அந்தப் பழைய சுவரைத்தானே சார் கட்டியிருப்போம்?"