மிச்சமிருந்த வடிகட்டிகள்

குன்றின்மேல் இருந்த அந்த மடத்தில் ஒரு காலத்தில் பந்தி வைத்தால் இலை போதாது. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். இப்போது குருவுக்கு ஓர் இலை, நல்லசிவத்துக்கு ஓர் இலை, அவ்வளவுதான்.

சீடர் என்றாலும் வயதில் குருவைவிட நல்லசிவம்தான் மூத்தவர். போனவர்கள் வேலையெல்லாம் அவர் தலையில். மணி அடிப்பார், தண்ணீர் இறைப்பார், பெருக்குவார், சமைப்பார். யாருமில்லாத கூடத்தில் வழிபாட்டுப் பாட்டையும் முழுசாகப் பாடி முடிப்பார்.

குருவுக்குச் சிறுநீரகம் பழுது. டாக்டர் புது மாத்திரை கொடுத்திருந்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவு கொஞ்சம் ஏறியிருந்தது. புது மாத்திரையின் வேலைதான் இது என்று நல்லசிவம் பயந்துவிட்டார். சத்தமில்லாமல் மாத்திரை அட்டையை மடியில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை குரு கையை நீட்டினார்.

"மாத்திரை எங்கய்யா?"

"தீர்ந்துபோச்சு சாமி."

"மடியில என்னமோ சலசலங்குதே."

நல்லசிவம் தலைகுனிந்தார். "அது சிறுநீரகத்தோட வேகத்தைக் குறைக்குது சாமி. இருக்கறதே கொஞ்சம். அதையும் குறைச்சா?"

குரு எழுந்துபோய்க் கிணற்றடி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்கு நீ ஒரு வேலையும் பாக்கக் கூடாது."

"மணி?"

"வேண்டாம்."

"மடத்தை மூடிட்டாங்கன்னு ஊர்ல நெனைப்பாங்க சாமி."

"முதல்ல அப்படித்தான் தெரியும். அந்தக் கிரியாட்டினின் மாதிரி. கொஞ்சம் ஏறும், பயந்து நிறுத்திடாதீங்கன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. நீ வெளிய என் செருப்புக்குக் காவல் இருந்த."

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிறுநீரகத்துக்குள்ள லட்சக்கணக்குல வடிகட்டி இருக்குதாம்," என்றார் குரு. "பாதி செத்துப்போனா, மிச்சம் இருக்கறது செத்ததுங்க வேலையையும் இழுத்துப் போட்டுக்குமாம். அதை விரட்டறதுக்குன்னே ஒரு ஹார்மோன். ரத்தம் வெளிய போற வாசலை நெரிச்சு, உள்ள அழுத்தத்தை ஏத்தும். நல்லாத்தான் வேலை நடக்கும். அப்படியே உழைச்சு உழைச்சு அதுவும் சாகும். இந்த மாத்திரை அந்த விரட்டலை அடக்குது. அழுத்தம் குறையறதாலதான் முதல்ல கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுது."

நல்லசிவம் மடியிலிருந்து அட்டையை எடுத்தார். குரு ஒரு மாத்திரையைப் பிரித்து விழுங்கினார்.

மணியடிக்கும் நேரம் வந்தது, போனது. குன்று இத்தனை அமைதியாக இருந்து நல்லசிவம் கேட்டதேயில்லை. கால் தானாக மணியை நோக்கி நகர்ந்தது.

"அவங்க வேலையை நான் பாக்கலைன்னா சாமி..." "அவங்க நெசமாவே போயிட்ட மாதிரி ஆயிடுமே."

"போயிட்டாங்க நல்லசிவம். நீ உட்காரு."