விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

நெடுஞ்சாலையில் இருந்த பெரிய பாலம் விழுந்த மறுவாரம், கோட்டப் பொறியாளர் பரஞ்சோதி எங்கள் மடத்துக்கு வந்தார். வரும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது. செருப்பில் ஒன்றை வாசலுக்கு வெளியேயும் ஒன்றை உள்ளேயும் கழற்றிப்போட்டுவிட்டு வந்தார்.

எங்கள் அறவாழி அடிகள் முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். அடிகளுக்குப் பரஞ்சோதியைவிட வயது குறைவு. கோபம் மட்டும் அதிகம். ஊரில் அவருக்குக் கடுகடு சாமி என்றுதான் பெயர். அந்தப் பெயர் ஒருநாள் அவர் காதுக்கு எட்டியது. அதற்கும் கோபப்பட்டார்.

பரஞ்சோதி பல வருஷமாக அவருடைய சீடர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். அன்று செவ்வாய்க்கிழமை.

"என்ன, கிழமை மறந்துபோச்சா?" என்றார் அடிகள்.

"மனசு சரியில்ல சாமி."

"பாலத்தைக் கீழ போட்டுட்டு மனசு எப்படிய்யா சரியா இருக்கும்?"

"நான் போடல சாமி. அதுவா விழுந்துச்சு. அதுக்கு வயசாயிடுச்சு."

பாலத்தின் நடுவில் தூண்களுக்கு இடைப்பட்ட இரண்டு கண்கள் அப்படியே உடைந்து ஆற்றில் உட்கார்ந்திருந்தன. பாலம் விழுந்தபோது அதன்மேல் வண்டியில் பால் கொண்டுவந்த செல்லக்கண்ணுவைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். இடிந்ததைச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷம் என்று சொன்னால் எத்தனை வருஷம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதுவரை ஆற்றைக் கடக்க மிச்சம் இருந்தது, மடத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய பாலம் ஒன்றுதான். அது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் போய்க்கொண்டிருந்த அந்தப் பாலத்தில் இனி பஸ்ஸையும் லாரியையும் விடவேண்டும் என்று இரண்டு கரைக்காரர்களும் கேட்டார்கள். விடலாமா கூடாதா என்று சொல்லவேண்டியவர் பரஞ்சோதி.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளும். மிளகாயை மிதிக்காம நின்னு கேளும்."

"எல்லாம் அழியும்னு நீங்கதானே சொல்லுவீங்க? உடம்பு அழியும், ஊர் அழியும், மலையே ஒருநாள் மண்ணாப் போகும்னு. அப்படி இருக்க, ஒரு பாலம் விழுந்ததுக்கு என்னை மட்டும் ஏன் சாமி இந்தத் திட்டு திட்டறாங்க? அழியறதை நான் எப்படித் தாங்கிப் பிடிக்கறது?"

அடிகள் கையிலிருந்த மிளகாயைப் பாயில் வீசினார்.

"இதுக்குத்தான் இத்தனை வருஷம் இங்க வந்து வேதாந்தம் கேட்டீரா? ஏன்யா, உள்ளே கல்லா உட்கார்ந்திருக்கிற சாமிக்கே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பீடத்தோட ஒட்டி நிக்க மருந்து இடிச்சுச் சாத்தறோம். அந்த மருந்து வெடிச்சா சாமி ஆட்டம் கண்டுடும்னுதானே ஊரைக் கூட்டிக் குடமுழுக்கு பண்றோம்? ஆண்டவனுக்கே பழுது பார்க்கவேண்டியிருக்கு. உம்ம பாலம் என்ன, ஆண்டவனைவிட ஒசத்தியா?"

"பழுது பார்க்காம இல்ல சாமி. மழைக்கு முன்னாடி பார்ப்போம், மழைக்கு அப்புறம் பார்ப்போம். எங்க கோட்டத்துல பாலமெல்லாம் நல்லா வெச்சிருக்கோம்னு போன வருஷம் மேலயிருந்து பாராட்டுகூட வந்துச்சு."

"பாராட்டு வாங்கின பாலம்தான் விழுந்துச்சா?"

பரஞ்சோதி, நல்ல செய்தி ஒன்று வைத்திருப்பவர் போலக் குரலை மாற்றிக்கொண்டார்.

"நாளைக்குக் குருபூஜை ஆச்சே சாமி. காலையில பழைய பாலத்துல பஸ்ஸை விட்டுடறேன். தென்கரைச் சனம் எல்லாம் ஆத்தைத் தாண்டி வந்து சேரட்டும். மடத்து விசேஷம் என்னால கெட்டுப்போகக் கூடாது."

மடத்துக் காரியஸ்தர் வைத்திலிங்கம் இதைக் கேட்டுக்கொண்டே சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தார்.

"புண்ணியமாப் போகும் சார்! அரிசியும் காயும் வந்து எறங்கியாச்சு. தென்கரைச் சனம் வரலேன்னா பூசணிக்காயை எல்லாம் நானும் சாமியும் உட்கார்ந்து தின்னவேண்டியதுதான்."

அடிகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாலம் தாங்குமா?" என்று பரஞ்சோதியைக் கேட்டார்.

"தாங்கும் சாமி."

"அதுவாத் தாங்குமா, எனக்காகத் தாங்குமா?"

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. "நீங்களே வந்து பாருங்க சாமி. இப்பவே வாங்க. எவ்வளவு உறுதியா நிக்குதுன்னு கண்ணால பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

"பார்த்துட்டாப் போச்சு" என்று அடிகள் எழுந்துவிட்டார்.

அடிகள், பரஞ்சோதி, வைத்திலிங்கம், அடிகளுக்குப் பணிவிடை செய்யும் நான் என நால்வரும் போனோம். நான் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த வெயிலில் குடைக்குள் நிற்காமல் அடிகள் முன்னால் முன்னால் போனதில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. தண்ணீர் அக்கரையோரமாக ஓடிக்கொண்டிருந்ததால் இக்கரைப் பக்கம் வெறும் மணல். பாலத்துக்கு அடியில் தூண்வரை நடந்தே போகலாம். தூண்களுக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பார்க்க, கல்யாண வீடு மாதிரி இருந்தது.

முதல் தூணை நெருங்கியதும் அடிகள் "ஆ!" என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். அவர் செருப்புப் போடுகிறவர் இல்லை. உள்ளங்காலில் ரத்தம் வந்தது.

"எந்த மடையன்யா இங்க கண்ணாடியைப் போட்டுவெச்சது?"

குனிந்து பார்த்தோம். தூணைச் சுற்றி மணலில் அங்கங்கே கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. பரஞ்சோதி பதறிப்போய் உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் அடிகளின் காலைக் கட்டினார்.

"மன்னிக்கணும் சாமி. எங்க ஆளுங்க போட்டதுதான். பழைய கண்ணாடி."

"பாலத்துக்கு அடியில கண்ணாடி எதுக்கு? ஆறு முகம் பார்க்கவா?"

"இதோ பாருங்க சாமி" என்று பரஞ்சோதி தூணைக் காட்டினார். சுண்ணாம்பையும் மீறி ஒரு விரிசல் மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அதன் குறுக்கே, விரல் நீளத்தில் மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"விரிசல் கண்ட இடத்துல இப்படி ஒட்டுவோம் சாமி. விரிசல் பழசு, அப்படியே நிக்குதுன்னா கண்ணாடி முழுசா இருக்கும். விரிசல் இன்னும் விரியுதுன்னா கண்ணாடி வெடிச்சிரும். உடனே நமக்குத் தெரிஞ்சிரும்."

"இது முழுசா இருக்கே."

"அதைத்தான் சாமி நான் அப்பவே சொன்னேன்."

"எப்ப ஒட்டினது?"

"போன வாரம்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி வேற ஒண்ணு இருந்துச்சு."

"அது எங்க?"

பரஞ்சோதி அடிகளின் காலைப் பார்த்தார்.

"சரி, அதுக்கும் முன்னாடி இருந்தது?"

"அதுவும் இங்கதான் கிடக்கும் சாமி."

"ஏன் மாத்தினீர்?"

"உடைஞ்ச கண்ணாடி இருந்தா, பார்வையிட வர்ற மேலதிகாரி கோவிச்சுக்குவாரு சாமி. ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலையான்னு கேப்பாரு. அதனால உடைஞ்சதைக் கண்டா அன்னைக்கே மாத்திடணும்னு நான்தான் சொல்லிவெச்சிருக்கேன். எங்க கோட்டத்துலதான் எந்தப் பாலத்துக்குப் போனாலும் உடைஞ்ச கண்ணாடியே இருக்காதுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். அவர் சொன்னது அவர் காதில் அப்போதுதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

"பெரிய பாலத்துலயும் மாத்தினீரா?" என்று அடிகள் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாத்தினோம் சாமி."

"அடிக்கடியா?"

"கடைசியில... அடிக்கடி."

பரஞ்சோதி மணலில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அந்த நேரம் அவர்மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கெட்ட மனுஷர் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இவர் கெட்டவர் இல்லை. காசு வாங்கினார் என்று எதிரிகூடச் சொல்லமாட்டான். பாலம் வாய்விட்டுக் கத்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இவர் பொறுப்பாக ஆள் அனுப்பி அதன் வாயைத் துடைத்துவிட்டிருக்கிறார்.

"தாங்க முடியல சாமி" என்றார் பரஞ்சோதி. "ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆறுதலா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

"சாமி!"

"வெள்ளிக்கிழமை தோறும் ஏதோ ஒண்ணு உள்ள வெடிச்சுப்போய்த்தான் வந்தீர். நானும் ஒரு நல்ல வார்த்தையா எடுத்து அந்த இடத்துல ஒட்டி அனுப்பினேன். நீரும் தெம்பாப் போய் வேலையைப் பார்த்தீர். உமக்கும் எனக்கும் அதுதான்யா பழக்கம். இந்தத் தரம் உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அடிகள் நொண்டிக்கொண்டே மடத்துப் பக்கம் நடந்தார். குடையைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

"அப்ப நாளைக்குப் பஸ்?" என்று வைத்திலிங்கம் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அது நேரமே இல்லை. ஆனால் அவருக்கு அவர் பூசணிக்காய்.

பரஞ்சோதி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "பழைய பாலத்தை அடைச்சிருங்க. ரெண்டு பக்கமும் கல்லைப் போடுங்க. சைக்கிள்கூட விடாதீங்க. யார் சொன்னாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றார். பிறகு மணலில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் குருபூஜை ஒரு கூத்தாகத்தான் நடந்தது. வடகரையிலிருந்து வந்தவர்கள் ஒரு பந்திக்குக்கூடத் தேறவில்லை. தென்கரையில் பாலத்தின் முனையில் பெரிய கூட்டம். குருபூஜைக்காக அங்கே கட்டியிருந்த மைக் செட்டைப் பிடித்துக்கொண்டு பரஞ்சோதியைத் திட்டத் தொடங்கினார்கள். அவர் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் ஆற்றைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. நாங்கள் இக்கரையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தோம்.

மத்தியானத்துக்கு மேல் இன்னொரு வேடிக்கை. தென்கரை இளவட்டங்கள் சிலர் கல்லைத் தாண்டிப் பாலத்தின் நடுவுக்கு வந்து குதித்துக் காட்டினார்கள். பாலம் அசையவில்லை. "எங்கய்யா விழுது? வந்து பாருய்யா!" என்று கைதட்டிச் சிரித்தார்கள். போலீஸ்காரர் வந்து விரட்டும்வரை குதித்தார்கள்.

சாயங்காலம் பரஞ்சோதி வந்தார். அடிகள் காலை நீட்டி உட்கார்ந்து, மிஞ்சிப்போன பூசணிக்காய்க் கூட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறிய வைத்திலிங்கம் பரஞ்சோதியைப் பார்த்ததும் கரண்டியைச் சத்தமாக வைத்தார்.

"சாமி, பாலம் விழவே இல்ல."

"பார்த்தேன்."

"மேலதிகாரி மேசையில கண்ணாடித் துண்டையெல்லாம் கொட்டினேன். பார்த்துட்டு முகம் சுருங்கிப்போச்சு. சரி, ஆளுங்க வந்து சோதிச்சு முடிக்கிறவரைக்கும் அடைச்சே வை, ஆனா நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாதே, பழி உன்னோடதுன்னுட்டாரு."

"சரிதானே."

"என்ன சாமி சரி!" பரஞ்சோதி முதல்முறையாக அடிகளிடம் குரலை உயர்த்தினார். "விழுந்த பாலத்துக்கும் திட்டு, விழாத பாலத்துக்கும் திட்டா? அது இனிமேலும் விழாது. நான் அடைச்சுட்டேன், பாரம் ஏறாது, அது பாட்டுக்கு நிக்கும். நிக்க நிக்க என்னைக் கிறுக்கன்னுதான் சொல்லுவாங்க. விடுங்க சாமி, நான் செஞ்சது சரின்னு எனக்கே எப்படித் தெரியும்?"

அடிகள் சாப்பிடுவதை நிறுத்தினார். அக்கரை மைக்கில் யாரோ இருமிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

"யாரார் திட்டறாங்க?" என்று கேட்டார்.

"எல்லாருந்தான் சாமி. பஸ் டிரைவருங்க, சந்தைக்குப் போற பொம்பளைங்க, காலேஜ் பசங்க, பால்காரங்க. கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு ஒரு அம்மா வந்து மண்ணை வாரித் தூத்துச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககூட என் பேரைச் சொல்லிக் கத்துதுங்க."

"நல்லாக் கேட்டுச் சொல்லும். செல்லக்கண்ணுவைத் தவிர, அதுல வேற ஒருத்தர்கூடக் குறையலையே?"