நீலம் ஏறாத செல்கள்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் குருதான் இளையவர். டாக்டர் சுகிர்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. சிஷ்யை நஸ்ரினுக்கு நாற்பத்தெட்டு. இருபது வருடம் வேறொரு கூடத்தில், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைக் காயவைத்துச் சாயம் ஏற்றியவர். அங்கே சாயம் பிடித்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

அன்று வார்டில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காத்திருந்தாள். மருந்து கொடுத்து அவளது நோயுற்ற எலும்பு மஜ்ஜையை அழித்தாயிற்று. அண்ணனின் மஜ்ஜைச் செல்கள்தான் இனி கதி. அவை உறைந்திருந்த பையை உருக்கியாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அவள் ரத்தத்தில் ஏற்ற வேண்டும். வேறு பை கிடையாது.

செல்களில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது நஸ்ரினின் பொறுப்பு. பையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நீலச் சாயம் கலந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். செல்கள் வெள்ளையாகவே இருந்தன. சாயம் இன்னும் பிடிக்கவில்லை என்று காத்திருந்தார். பழகிய கை லேசில் மாறுமா? இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாம் நீலம். அப்புறம்தான் கையேட்டைப் புரட்டினார். நீலமானால் செத்த செல் என்று போட்டிருந்தது.

சுகிர்தாவிடம் ஓடினார்.

"மேடம், எல்லாம் செத்துப்போச்சு! அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

சுகிர்தா பையருகே போனார். புதிதாக ஒரு சொட்டு எடுத்துச் சாயம் கலந்தார்.

"இப்பவே பாருங்கக்கா."

நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளை.

"இதுல சாயமே பிடிக்கலையே மேடம், ஏன்?"

"உயிருள்ள செல் பிடிக்க விடலக்கா. செல்லைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கே, ரெண்டடுக்குக் கொழுப்பு. சர்க்கரைக்கு ஒரு வாசல், உப்புக்கு ஒரு வாசல் வெச்சிருக்கு. இந்த நீலத்துக்கு வாசலே கிடையாது. உயிர் இருக்கிறவரைக்கும் உள்ள விடாது."

"அப்ப நான் பார்த்தது?"

"சாயமும் விஷம்தானே. இருபது நிமிஷம் அதுலயே ஊறினா எந்தச் செல் தாங்கும்? பையில இருக்கிறது நல்லாத்தான் இருக்கு."

வார்டிலிருந்து மூன்றாவது முறையாக போன் அடித்தது. சுகிர்தா எடுத்தார். "உயிரோட இருக்கு. இதோ வருது," என்றார். குரலில் பதற்றமே இல்லை.

நஸ்ரின் பையைத் தூக்கப் போனார். பாதியிலேயே நின்றுவிட்டார். தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கு மட்டும் பயமே உள்ள போகாதா மேடம்?"

"போகும்க்கா. பயத்துலயே ஊறி இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவேன்னு தெரியல. அதுக்குள்ள பையைக் கொண்டு போங்க."