பயமே இல்லாத டீம்

சோழிங்கநல்லூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. மேனேஜர் திருவேங்கடம் உறுமினால் அந்த மாடியே மூச்சை அடக்கிக்கொள்ளும். அங்கே ஏன் ஆள் நிலைப்பதேயில்லை என்று விசாரிக்க, தலைமை அலுவலகத்திலிருந்து சுபாஷிணி மேடம் வந்து இறங்கினார்.

மேனேஜர் புதிதாகச் சேர்ந்த எமில்டாவைப் பிடித்தார். "கைக்குழந்தைக்காரி, வேலை வேணும்தானே? நம்ம டீம்ல யாருக்கும் பயமே இல்லைன்னு மேடம் நம்புற மாதிரி காட்டு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

மிரட்டிக்கொண்டே, பயமில்லை என்று காட்டச் சொல்கிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

சாயங்காலக் கூட்டத்தில் எமில்டா எழுந்து நின்றாள். "மேடம், இங்கே சார்கிட்ட யாருக்கும் பயமே இல்லை. இதோ பாருங்க, ஆபீஸ் நேரம் முடிஞ்சுது. காப்பகத்துல குழந்தை காத்திருக்கு, நான் கிளம்புறேன். வர்றவங்க வாங்க."

ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அத்தனை கண்ணும் மேனேஜர் முகத்தில். அவரோ பழக்கதோஷத்தில் மேஜையை ஓங்கித் தட்டினார். "ஏய்! நான் உட்கார்ந்திருக்கும்போது யாரைக் கேட்டுடி கிளம்புற?"

எமில்டா திரும்பினாள். "சார் சொல்லச் சொன்னதை நான் சொல்லிட்டேன் மேடம். மீதியைச் சாரே சொல்லிட்டாரு."

"நீ போம்மா," என்றார் மேடம். "எல்லாரும் போங்க. திருவேங்கடம், நீங்க மட்டும் இருங்க."