சாமணத்தின் முனை

“இந்தப் பெட்டியை நீயே வச்சுக்கோ மக்களே. எனக்கு இனி வேண்டாம்.”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தாணுமாலயன், தன் கருவிப் பெட்டியை ஜெசிந்தாவின் மேசையில் வைத்தார்.

ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு வயது. நாகர்கோவிலில் செத்துப்போன வாட்ச் எல்லாம் அவள் கடைக்குத்தான் வரும். ஓடிக்கொண்டே திரும்பிப் போகும்.

அவரிடம் முப்பத்திரண்டு பழைய வாட்சுகள். அதில் ஒன்றையாவது தன் கையால் ஓடவைத்துவிட வேண்டும். அதற்காக ஆறு மாதமாக அவளிடம் பாடம்.

“என்னாச்சு சார்?”

“கை நடுங்குது. நேத்து ஒரு திருகாணி பறந்துபோச்சு. அரைமணி நேரம் தரையில தவழ்ந்தேன்.” பிறகு மூக்கைச் சுருக்கி, மனைவியின் குரலிலேயே சொன்னார்: “‘பேரன் எழும்பி நடக்கான், தாத்தா தவழுதாரு.’”

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது. மறுபடி பறந்துட்டு.”

“எப்படிப் பிடிச்சீங்க?”

“பல்லைக் கடிச்சுக்கிட்டு, மூச்சை அடக்கி, இறுக்கி. இதுக்கு மேல எப்படிப் பிடிக்க?”

ஜெசிந்தா மேசை விளக்கை அருகே இழுத்தாள்.

“உன் கையைப் பாரு, பாறை மாதிரி. அதெல்லாம் பிறவியிலேயே வரணும்.”

அவள் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

“மாட்டுங்க. நான் செய்றதை மட்டும் பாருங்க.”

மேசையில் ஒரு வாட்ச் திறந்து கிடந்தது. எள்ளில் பாதிகூட இல்லாத திருகாணி ஒன்றை, கூர்முனை இடுக்கியான சாமணத்தால் எடுத்தாள்.

அவர் குனிந்தார். நிமிர்ந்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

“உனக்கும் நடுங்குதே.”

“ஆமா சார்.”

“எப்ப இருந்து?”

“முதல் நாள்ல இருந்து.”

சாமணத்தின் முனை இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. இடம் வந்ததும் விரலை லேசாகத் தளர்த்தினாள். திருகாணி தன் குழியில் உட்கார்ந்துகொண்டது.

“எப்பதான் நிக்கும்?”

“தெரியல சார். நான் அதுக்காகக் காத்திருந்ததில்ல.”

அடுத்த திருகாணியை எடுத்து, சாமணத்தை அப்படியே அவர் பக்கம் நீட்டினாள்.

தாணுமாலயன் லென்ஸைக் கழற்றாமலேயே அதைப் பிடித்தார். ஒரு கணம் இரண்டு பேர் விரல்களும் அதன் மேல் இருந்தன.

முனை நடுங்கியது.

யாருடைய நடுக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.