பூமலைச் சாராயத்துக்குப் பட்டயம் வந்த கதை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் வயிரவதாசன். அரண்மனைப் பண்டகசாலைக்கு அதிகாரி. அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ராஜா பெயரைச் சொல்லுவேன்.

கதை சொல்லுகிறவர்கள் முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டார் என்று தொடங்குவார்கள். ஏழூர் நாட்டைச் சொக்கபூபதி ராஜாவும் முன்னொரு காலத்தில்தான் ஆளத் தொடங்கினார். இன்னும் ஆள்கிறார். எனக்கு அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பூமலை. மலை முழுக்க இலுப்பை மரம். உதிர்ந்த பூவைக் காயவைத்து, ஊறல் போட்டு நாங்கள் வடிப்பது பூமலைச் சாராயம். குடித்தவன் பாடுவான், மறுநாள் தலை வலிக்காது. ஒருநாள் வயிரவதாசன் வந்து என்னை மாமா மாமா என்று அழைத்து, வயிறு முட்டக் குடித்தான். போகும்போது என் சுரைக்குடுக்கை நிறைய வாங்கிக்கொண்டு, குடுக்கையை நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் மாமா என்றான். அனுப்பவில்லை.

கொஞ்ச நாளில் சந்தையில் எங்கள் குடுக்கை மாதிரியே குடுக்கை, எங்கள் பெயரிலேயே சாராயம். குடித்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு பூமலைக்காரர்களைத் திட்டினார்கள். அதுவும் போதாமல், பூமலைச் சாராயம் என்ற பெயர் தனக்கே சொந்தம், வேறு எவனும் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று செப்புப் பட்டயம் கேட்டு ராஜாவிடம் விண்ணப்பம் வைத்தான். அது கிடைத்துவிட்டால் எங்கள் ஊரில் ஓர் அடுப்பும் எரியாது. நானும் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினேன்.

அந்தப் பங்குனியில் ராஜாவுக்கு நீச்சல் ஆசை வந்திருந்தது. அதனால் சபை குளத்துப் படிக்கட்டில் கூடியது. ராஜா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். சபையோர் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில், பண்டகசாலையிலிருந்து தினமும் நொய் அளந்தும் ராஜா வளர்க்கும் கோழிகள் ஏன் இளைத்துப் போயின என்ற விசாரணை. அவற்றுக்கு ஏதோ மனக்கவலை என்றார் வைத்தியர். அதைத் தள்ளிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

வயிரவதாசன் தன் சரக்கை என் குடுக்கையிலேயே கொண்டுவந்திருந்தான். அதன் கழுத்தில் நான் சுட்டுவைத்த அடையாளம்கூட அப்படியே இருந்தது. ராஜா இரண்டையும் குடித்தார். அவர் வாயில் எந்நேரமும் புகையிலை, என்ன தெரியும்? இரண்டும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு இரண்டையும் கலந்து குடித்துவிட்டு, இதுதான் அசல் என்றார்.

"இந்த ஆள்மேல் அடுப்புப் புகை நாறுகிறது மகாராஜா," என்றான் வயிரவதாசன். "பட்டயத்தை இவன் கையில் கொடுத்தால் கறுத்துப் போகும்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பட்டயம் வெட்டத் தட்டானை வரச் சொன்னார். அதுவரை தூங்குகிற மாதிரி இருந்த மந்திரி ஆதவராயர் கண்ணைத் திறந்தார். வயிரவதாசனுக்கு அவரைக் கண்டால் ஆகாது, மந்திரி நாற்காலிமேல் அவனுக்கு வெகுநாளாகக் கண்.

"பூமலை முறைப்படித்தான் வடிக்கிறீர்களா, வயிரவதாசரே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அதே முறை. ஒன்றுகூடக் குறையாது," என்றான் அவன். மந்திரி குலதெய்வத்தின் மேல் சத்தியம் கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தியமும் செய்தான்.

பிறகு மந்திரி என்னைப் பார்த்து, முதல் பூ விழும் நாளில் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். பெரிய மரத்தடியில் விழும் முதல் பூவை நாங்கள் தொடுவதில்லை, அது கரடிக்கு. யார் பெயரில் சாராயம் வடிகிறதோ அவன் விடியும்போது கையில் கம்பு இல்லாமல் தனியாக அங்கே உட்கார வேண்டும். கரடி வரும், தின்னும், அவன் தலையை மோந்து பார்க்கும், போகும். அது போன பிறகுதான் அடுப்பு மூட்டலாம்.

"நாளைக்கு முதல் பூவா?"

ஆமாம் என்றேன்.

"நல்லதாகப் போயிற்று. பல்லக்கு தயார் செய்யுங்கள், வயிரவதாசர் இப்போதே கிளம்பட்டும். பெயருக்கு உரியவர் ஆண்டுதோறும் கரடிமுன் உட்கார வேண்டும் என்று பட்டயத்திலும் வெட்டிவிடலாம்."

ராஜாவுக்கு ஒரே குஷி. நானும் பார்க்க வருவேன், எனக்கு மட்டும் மரத்தின்மேல் பரண் கட்டுங்கள் என்றார். வயிரவதாசன் இரண்டு படி கீழே இறங்கி நின்றான். வேலைக்காரன் உட்காருவான் என்றான். பட்டயத்தில் வேலைக்காரன் பெயர் இல்லையே என்றார் மந்திரி. எனக்குக் காலில் வாதம் என்றான். கரடி மோப்பம் பிடிப்பது தலையைத்தானே என்றார் மந்திரி.

"பாட்டன் காலத்துப் பழக்கம். உங்களைப் பார்க்காமல் அது ஏங்கிப் போயிருக்கும், பாவம்."

வயிரவதாசன் தண்ணீரில் இறங்கி ராஜா காலைப் பிடித்துக்கொண்டான். "மகாராஜா, என் சாராயத்தில் ஒரு பூகூடக் கிடையாது. நொய்யும் வெல்லமும்தான். இது சத்தியம்."

"எந்த நொய்?" என்றார் ராஜா.

படிக்கட்டில் இருந்த எல்லாரும் கோழிக்கூண்டுப் பக்கம் திரும்பினார்கள்.

அன்றே பட்டயம் வெட்டினார்கள். கரடிமுன் உட்காருகிறவன் வடிப்பதே பூமலைச் சாராயம், மற்ற எதற்கும் அந்தப் பெயர் ஆகாது. வயிரவதாசன் மீதிச் சரக்கைச் சந்தையில் கோழித்தீவனத் தண்ணீர் என்று தன் வாயாலேயே கூவி விற்க வேண்டும், காலையில் கோழிகளுக்குத் தன் கையால் இரை போட வேண்டும். மந்திரிக்கு முத்துமாலை. எனக்கு ஒரு பட்டுத் துண்டு.

எல்லாம் சரி. என் குடுக்கையைத் தாருங்கள் என்றேன். ராஜா அதைக் கவிழ்த்துக் காலி செய்தார், கயிற்றால் இடுப்பில் கட்டினார், தண்ணீரில் படுத்தார். மிதந்தார்.

"நீச்சல் வந்ததும் தந்துவிடுகிறேன், சடையா," என்றார்.

அப்போது எனக்கு மீசை கறுப்பு. இப்போது நரைத்துவிட்டது. வருஷம் தவறாமல் கரடி என் தலையை மோந்துவிட்டுப் போகிறது. நானும் வருஷம் தவறாமல் குளக்கரைக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். ராஜா இன்னும் இடுப்பளவுத் தண்ணீரில்தான் நிற்கிறார்.